எஸ்.பி.பி. கேசட்டுகளும் ஒரு மாற்றித் தரும் கடையும்

கடையின் பெயரை எழுதக் கூடாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், ஏற்கெனவே வருகிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். பழைய கேசட்டைக் கொடுத்தால் எம்பி3-யாக மாற்றிப் பென்டிரைவில் தரும் கடை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில்.

ஏன் போனேன் என்றால் எஸ்.பி.பி. 2020 ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து, லேசான கொரோனாதான், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று வீடியோவில் பேசினார், நாங்களும் நம்பிவிட்டோம். செப்டம்பர் 25 மதியம் செய்தி வந்தபோது வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்ததை டிவியில் பார்த்துவிட்டுப் பரணில் ஏறினேன். ஷூ பெட்டியில் பதினான்கு கேசட். எல்லாம் எண்பதுகளில் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. லிஸ்டை எழுதியது அக்கா, வரிசையை மாற்றச் சொல்லி அழுதது நான்.

போடுவதற்கு டெக் இல்லை. இந்தக் கடையைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க மூன்று வருடம் ஆனது.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதல் கேசட்டை என் எதிரிலேயே திறந்தார், ஐந்து ஸ்குரு. நாடாவை டெக்கின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து பாட்டை எடுக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்து போயிருந்தது, அதை மாற்றினார். அப்புறம் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓடவிட்டு, சின்ன ஸ்குருடிரைவரால் கோணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்த குரல் சட்டென்று வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

60 நிமிடக் கேசட்டுக்கு 200 ரூபாய், 90-க்கு 300, பூஞ்சை இருந்தால் கூடுதலாக நூறு. ஓடுகிற வேகத்திலேயே ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும், 90 நிமிடக் கேசட் என்றால் முழுசாக ஒன்றரை மணி நேரம், அதனால் விலை நியாயம்தான். ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் ஆக்கியது நியாயமில்லை, அதுவும் போன் எடுக்காமல்.

பெரிய மனத்தாங்கல் ஒன்று. முதல் தடவை கம்ப்யூட்டரில் இரைச்சலை எல்லாம் வழித்தெடுத்துச் சுத்தமாகத் தந்தார். போட்டுக் கேட்டால் எஸ்.பி.பி. மூச்சே விடவில்லை! வரி முடிந்ததும் அவர் இழுக்கும் மூச்சு, வார்த்தைக்குள் ஒளித்து வைக்கும் சின்னச் சிரிப்பு, எல்லாம் 'உஸ்' சத்தத்தோடு சேர்ந்து போய்விட்டது. சுத்தமான பாட்டு போனிலேயே கிடைக்கிறதே, அதற்கா 200 ரூபாய்? "இரைச்சலோட வேணும்ணே" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 'இளைய நிலா', 1982-இல் வந்தது, எங்கள் கேசட்டில் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு. முப்பது நிமிடம் தீர்ந்துவிடுவதால் இரண்டாவது சரணத்தின் நடுவில் டக்கென்று நின்றுவிடும். முழுப் பாட்டையும் ரேடியோவில் கேட்கும்போதுகூட அந்த இடத்தில் என் கை கேசட்டைத் திருப்பிப் போடத் துடிக்கும்.

"பாதியில நிக்குது தம்பி, மீதியை நெட்ல எடுத்து ஒட்டித் தரட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றுவிட்டேன். இன்னும் நாலு கேசட் அவரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை கடை லீவு, ஜிபே வாங்க மாட்டார், சில்லறையோடு போங்கள்.