தாமிரம் என்று சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டினார்கள்: 4,350 ரூபாய் போயிற்று

வேலூர், காட்பாடி பக்கம் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கட்டப் பழகுகிறவர்கள், அதிலும் வீட்டிலிருந்தே தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள், கம்பி வாங்கக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். 4,350 ரூபாய். மகளிர் குழுவில் கடனாக வாங்கிய பணம். தவணை கட்டும் நாள் நெருங்கிவிட்டது.

பெண்களுக்காக நடந்த இலவசப் பயிற்சி ஒன்றில் சீலிங் ஃபேன் காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். என் அம்மா பீடி சுற்றியே எங்களை வளர்த்தவர். அந்தக் கைவாகு எனக்கும் வந்திருக்கிறது என்று பயிற்சி தந்தவரே சொன்னார். கத்திரி வெயில் வந்துவிட்டால் வேலூரில் ஃபேன் எரியாத தெருவே கிடையாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே நாலு காசு பார்க்கலாம் என்றுதான் சாமான் வாங்கப் போனேன்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வைண்டிங் சாமான்களைக் கிலோ கணக்கில் விற்கும் பழைய கடை, அவ்வளவுதான். கல்லாவில் இருந்தவர் "வா தங்கச்சி" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பெண்பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவது எவ்வளவு நல்லது என்று நிறையப் பேசினார். 36 கேஜ் (கேஜ் என்பது தடிமன் அளவு) கம்பி 2 கிலோ, மின்சாரம் கசியாமல் தடுக்கும் லெதராய்டு பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ், கையால் சுற்றும் சின்ன மெஷின் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அசல் தாமிரம்தானே அண்ணா?" என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. மேசையிலிருந்து பிளேடை எடுத்தார். கம்பியின் நுனியைக் கட்டைவிரலில் வைத்து, எனாமலை, அதாவது மேல்பூச்சை, லேசாக ஒரே ஒரு இழுப்பு இழுத்து, என் கண்ணுக்கு நேராக நீட்டினார். செக்கச்செவேல் என்று இருந்தது. "நீயே பார்த்துக்கொள். இன்னொன்று, மற்ற கடைக் கம்பியைவிட எங்கள் கம்பி கிலோவுக்கு நீளம் கூடுதலாக வரும். புதிதாகப் பழகுகிற உனக்குக் கொஞ்சம் வீணானாலும் கட்டுப்படியாகும்" என்றார். இதைவிட வேறு என்ன அத்தாட்சி கேட்க முடியும்? 4,350 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

முதல் வேலை எதிர்வீட்டு ஆயாவின் ஃபேன். எரிந்த காயிலை வெட்டியெடுத்து, ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து, பேப்பர் செருகி, பழைய காயிலில் எண்ணி வைத்த சுற்றுகளையே மாறாமல் சுற்றினேன். ரன்னிங், ஸ்டார்ட்டிங் இணைப்புகளைக் கொடுத்து, சீரிஸ் விளக்கில் சோதித்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, புதிய 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் போட்டு மாட்டினோம். ஓடியது, ஆனால் வேகம் எடுக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. இரவில் கருகல் வாடையும் புகையும் வர, ஆயா பதறியடித்துச் சுவிட்சை அணைத்திருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர், வீட்டில் தனியாக இருப்பவர். அவர் அசந்து தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

காட்பாடியில் வெகுகாலமாக மோட்டார் கட்டும் ஓர் அண்ணனிடம் மீதிக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதே பிளேடு வேலையைச் செய்தார், ஆனால் அழுத்தி. சிவப்புக்குக் கீழே வெள்ளை. பிறகு தன் கம்பியையும் என் கம்பியையும் லைட்டர் தீயில் காட்டினார். அவருடையது சிவந்தது, கறுத்தது, கம்பியாகவே நின்றது. என்னுடையது துவண்டு அறுந்து, நுனியில் வெள்ளையாகத் திரண்டது. உள்ளே முழுக்க அலுமினியம். மேலே தாமிரத் தோல்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எல்லாம் விளங்கியது. அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. அதே கேஜில், அதே சுற்றுகளைப் போட்டால் ஃபேன் வேகம் குறைந்து சூடேறத்தான் செய்யும். கிலோவுக்கு நீளம் கூடுதல் என்று பெருமையாகச் சொன்னாரே, அதுவும் உண்மைதான்! தாமிரம் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. கனமில்லாத கம்பி நீளமாகத்தான் வரும். பித்தலாட்டத்தையே கடையின் சிறப்பாக என் முகத்துக்கு நேரே விற்றிருக்கிறார். அலுமினியக் கம்பி விற்பது குற்றமில்லை. தெரிந்தே வாங்கி, அதற்கேற்ற தடிமனில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விலையில் எவ்வளவோ மலிவானதைத் தாமிரம் என்று சொல்லித் தாமிர விலைக்கு விற்பதற்குப் பெயர் கொள்ளை.

திரும்பக் கடைக்குப் போனபோது நாற்காலியும் இல்லை, தங்கச்சியும் இல்லை. "உனக்குக் கட்டத் தெரியவில்லை, கம்பியைக் குறை சொல்லாதே" என்றார். தீயில் காட்டட்டுமா என்று கேட்டதும், வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், அப்புறம் வா என்றார். அப்புறம் போனால் முதலாளி ஊரில் இல்லையாம். அப்படியென்றால் அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் யார்? பிரிக்காத இரண்டாவது ரீலையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வெட்டிய சாமான், பிரிக்காத சாமான், எதையும் திரும்ப வாங்குவதில்லை என்று கடைப் பையனை விட்டுச் சொல்ல வைத்தார்கள். பில் எங்கே என்று வேறு அதட்டல். அவர்கள் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: "வைண்டிங் சாமான் 4,350". தாமிரம் என்ற சொல்லும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

விரிவாக எழுத மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். கடைக்காரர் சுரண்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். நீங்களே அழுத்திச் சுரண்டுங்கள், ஒரு துண்டு வெட்டித் தீயில் காட்டுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கிலோ ரீல் வழக்கத்தைவிடப் பருத்திருந்தால் தொடாதீர்கள். "தாமிரக் கம்பி" என்று எழுதிய முறையான பில் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

நான் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். இரண்டாவது ரீல் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது. அதே கடையில் கம்பி வாங்கி ஃபேன் எரிந்தவர்கள் இருந்தால் ரீலைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.