மெமரி ஃபோம் மெத்தை: அஞ்சு வருஷம் படுத்துப் பாத்துட்டு சொல்றேன்

எங்க வீட்ல இதுவரைக்கும் ரெண்டு மெமரி ஃபோம் மெத்தை வாங்கியாச்சு. மொதல்ல வாங்குனது 2018ல, ஒன்றரை வருஷத்துல இடுப்பு படுற எடத்துல பள்ளம் விழுந்துருச்சு. ரெண்டாவது 2021 பிப்ரவரில வாங்குனது, இது அஞ்சாவது வருஷம், இன்னிக்கும் காலைல இடுப்பு பிடிக்காம எந்திரிக்கிறேன். ரெண்டுக்கும் பேரு மெமரி ஃபோம்தான், ரெண்டுலயும் மேல தொட்டா ஒரே மாதிரிதான் இருந்துச்சு, உள்ள இருந்த சரக்குதான் வேற. அந்த வித்தியாசத்த வாங்குறதுக்கு முன்னாடியே எப்பிடி கண்டுபிடிக்கிறதுன்னு எனக்கு யாராவது அப்பவே சொல்லியிருந்தா மொதல் மெத்தைக்கு குடுத்த ஒம்பதாயிரம் மிஞ்சியிருக்கும், அதான் ஒக்காந்து எழுதுறேன்.

நாங்க இருக்குறது மதுரை. எனக்கு பொறந்த ஊரு இலவம்பஞ்சுக்கு பேர் போன போடி பக்கம், அதனால கல்யாணச் சீரோட இலவம்பஞ்சு மெத்தைதான் வந்துச்சு. அது நல்ல மெத்தைதான், ஆனா ரெண்டு மூணு வருஷத்துல பஞ்சு கட்டி தட்டிரும், பிரிச்சு பஞ்ச அடிச்சு திரும்ப கட்டணும், அதுக்கு தெருவுல வந்துக்கிட்டிருந்த அண்ணன் ஒரு கட்டத்துல வர்றதே இல்ல. அப்புறம் தேங்காநாரு மெத்தை வாங்குனோம். எனக்கு ஒருக்களிச்சு படுத்தாதான் தூக்கம் வரும், நாரு மெத்தைல ஒரு மணி நேரத்துல தோள்பட்டை மரத்துப் போயி பொரண்டு படுக்கணும், விடிய விடிய இதே கதைதான். இடுப்பு வலின்னு சொன்னா எல்லாரும் ஒரே வார்த்தையா தரையில பாய் போட்டு படு, கெட்டியா இருந்தாதான் முதுகுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் அதத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். ஸ்பெயின்ல 313 பேர வெச்சு இத சோதிச்சுப் பாத்து 2003ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல போட்டிருக்காங்க, நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவங்க பாதிப் பேருக்கு நல்ல கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரமான கெட்டி, மூணு மாசம் கழிச்சுப் பாத்தா நடுத்தர மெத்தைல படுத்தவங்களுக்குத்தான் வலி அதிகமா கொறைஞ்சிருந்துச்சு. எங்க டாக்டரும் அதையேதான் சொன்னாரு, டிஸ்க்ல பிரச்சனை இல்ல, மீடியம் ஃபர்ம் மெத்தையா பாத்து மாத்துங்கம்மான்னு.

இந்த மெமரி ஃபோம் எப்பிடி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால புரியும். 1966ல நாசாவுக்காக சார்ல்ஸ் யோஸ்ட்ங்கிறவரு விமான சீட்டுக்குன்னு உருவாக்குனது இது. உள்ளங்கைய வெச்சு அமுக்கி எடுத்தீங்கன்னா கைத்தடம் அப்பிடியே நின்னு, சில செகண்ட் கழிச்சு மெதுவா மேல எழும்பி வரும். வெயிட்டுக்கு மட்டும் இல்ல, சூட்டுக்கும் எளகுற ஃபோம் இது, உடம்புச் சூடு பட்ட எடம் எளகி உள்ள போகும், தோளும் இடுப்பும் உள்ள அமுங்க, ஒடுங்கின இடை தாங்கலா நிக்கும். ஒருக்களிச்சு படுக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய வசதி. குப்புற படுக்கிறவங்களுக்கு சரி வராது, வயிறு உள்ள எறங்கி முதுகு வளைஞ்சிரும்.

இப்ப மொதல் மெத்தை கதை. ஆறு இன்ச், முழுக்க மெமரி ஃபோம்னு விளம்பரம், மேல ஆர்த்தோன்னு பெருசா எழுதியிருந்துச்சு. மொதல் ஆறு மாசம் சொர்க்கம். அப்புறம் நடுவுல எறங்க ஆரம்பிச்சுது, ஒரு வருஷம் தாண்டுனதும் என் வீட்டுக்காரர் படுக்குற பக்கம் நல்லாவே பள்ளம், அவரு தொண்ணூறு கிலோ, நான் அம்பத்தெட்டு, நான் ஓரத்துல படுத்தாலும் தூக்கத்துல அவரு பக்கம் சரிஞ்சுருவேன். பத்து வருஷ வாரண்டி இருக்கேன்னு போன் பண்ணா, மெத்தைக்கு குறுக்க நூல் கட்டி, ஆள் படுக்காதப்ப பள்ளத்தோட ஆழத்த ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னாங்க. கட்டில் ரெண்டு பக்கமும் தையல் நூல இழுத்துக் கட்டி, எம் பொண்ணு ஸ்கேல பிடிக்க, நான் போட்டோ எடுத்தேன். ரெண்டு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல இருந்துச்சு. ஒரு இன்ச்சுக்கு மேல இருந்தாதான் வாரண்டின்னு சொல்லிட்டாங்க. ஆள் எந்திரிச்சதும் ஃபோம் பாதி மேல வந்துரும்ல, படுக்கும்போது மூணு நாலு இன்ச் உள்ள போறத எந்த ஸ்கேல் காட்டும்? ரொம்ப மனசு விட்டுப் போச்சு. வாங்குறதுக்கு முன்னாடி வாரண்டில எத்தன இன்ச்சுன்னு போட்டிருக்கு, கறை பட்டா வாரண்டி போயிருமா, இந்த ரெண்டையும் கண்டிப்பா படிச்சுருங்க.

அப்புறந்தான் டென்சிட்டின்னு ஒன்னு இருக்குறதே தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தன கிலோ இருக்கும்ங்கிறதுதான் அது. மெமரி ஃபோம்னா அம்பதாவது இருக்கணும், அடியில தாங்குற சாதா ஃபோம் முப்பத்திரண்டுக்கு கொறையாம இருந்தா நல்லது. சாஃப்ட், ஹார்டுங்கிறது வேற, டென்சிட்டி வேற, கெட்டியா இருக்குற ஃபோம் டென்சிட்டி கம்மியா இருந்து சீக்கிரமே எறங்கிப் போகலாம். கடைக்காரங்க டென்சிட்டிய சொல்லலன்னா மெத்தை எத்தன கிலோன்னு கேளுங்க, அத மறைக்க முடியாது. எங்க கட்டில் ஆறேகால் அடிக்கு அஞ்சடி, அதாவது 75க்கு 60 இன்ச். அந்த அளவுல ஆறு இன்ச் மெத்தைன்னா 0.44 கன மீட்டர். மொதல் மெத்தை பழைய பேப்பர் கடைத் தராசுல பதினோரு கிலோ நின்னுச்சு, வகுத்துப் பாத்தா சராசரி இருபத்தஞ்சு, துணியும் சேத்து! அப்ப உள்ள நல்ல மெமரி ஃபோம் எங்கருந்து இருக்கும். இப்ப இருக்குற மெத்தை எட்டு இன்ச், மேல ரெண்டு இன்ச் மெமரி ஃபோம், கீழ ஆறு இன்ச் கெட்டி ஃபோம், மொத்தம் இருபத்திமூணு கிலோ. அளவு 0.59 கன மீட்டர், கவர் ஒன்றரை கிலோவ கழிச்சாலும் முப்பத்தாறு வருது. விலை இருபத்தோராயிரம் ஆச்சு.

மெமரி ஃபோம் தடிமனா இருந்தா நல்லதுன்னு நெனைக்காதீங்க, நம்ம ஊருக்கு ரெண்டு இன்ச் போதும். ஏன்னா வெக்கை. மே மாசம் மதுரைல ராத்திரி கரண்ட் போச்சுன்னா இந்த மெத்தை எளகி உடம்ப சுத்தி அணைச்சுக்கும், முதுகுல காத்தே போகாது, வேர்த்து ஊத்தும். அதே மெத்தை ஏசிய 22ல வெச்சா படுத்த ஒடனே பலகை மாதிரி இருக்கும், பத்து நிமிஷம் கழிச்சுத்தான் எளகும். ஜெல் போட்டா ஜில்லுன்னு இருக்கும்னு சொல்றாங்க, தங்கச்சி வீட்ல அதான், கொஞ்ச நேரம் ஜில்லுன்னு இருந்துட்டு உடம்புச் சூடு ஏறுனதும் அதுவும் சூடாயிருது. நாங்க ஏப்ரல், மே மாசத்துல மட்டும் மேல ஒரு மெல்லிசு கோரப்பாய் விரிச்சுப் படுக்கிறோம், அமுங்குற சொகம் பாதி கொறையும், ஆனா வேர்க்காது. மெத்தைக்கு மேல போடுற ப்ரொடெக்டர் ரெக்சின் மாதிரி இருந்தா அதுவும் சூடுதான், மேல டர்க்கி டவல் துணி வெச்சு வர்றத வாங்குங்க.

டெலிவரி சுருட்டி அமுக்கிதான் வரும். பிரிச்ச ஒடனே முழு உயரம் வராது, எங்களுக்கு ஓரம் எழும்ப ரெண்டு நாள் ஆச்சு. புது பெயின்ட் மாதிரி ஒரு வாடை நாலஞ்சு நாள் இருந்துச்சு, ஜன்னல தொறந்து வெச்சுட்டு ஹால்ல படுத்துக்கிட்டோம்.

ரெண்டாவது மெத்தை வாங்குன வருஷம் மே மாசம் அம்மா ஊர்லருந்து வந்தாங்க. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பக்கத்து வீட்டுப் பையன தொணைக்கு கூப்ட்டு மெத்தைய மொட்ட மாடிக்கு தூக்கிட்டுப் போயி, ஜிப்ப தொறந்து வெயில்ல போட்டுட்டாங்க, மறுநாளும் அதேதான். "ஏண்டி, மெத்தைன்னா வெயில் காட்டாம எப்பிடி? மூட்டப்பூச்சி வராதா?" அவங்களுக்கு அறுபது வருஷ பழக்கம், இலவம்பஞ்சுக்கு வெயில்தான் மருந்து, பஞ்சு உப்பி புதுசா ஆயிரும். ஃபோமுக்கு அது நேர் எதிர். வெயில் பட்ட பக்கம் லேசா மஞ்சள் பூத்திருந்துச்சு, தூக்கும்போது விரல் அழுந்துன மூலைல ஃபோம் பிச்சுக்கிட்டு வந்திருந்துச்சு, மெமரி ஃபோம் அவ்வளவு சுலபமா கிழியும். அம்மா மொகம் வாடிப் போச்சு, நான் ஒன்னும் சொல்லல. வெயில் வேணாம், ஃபேன் போட்டு ரூம்லயே நிறுத்தி வெச்சாப் போதும்.

அடியில காத்து போகணும், இது முக்கியம். எங்க கட்டில்ல முழுப் பலகை, ஒரு ஐப்பசி மழைல தூக்கிப் பாத்தா அடிப்பக்கம் ஈரம் கோத்து கருப்பு கருப்பா புள்ளி. ஆசாரிய கூப்ட்டு பலகைல வரிசையா ஓட்டை போட்டோம், அப்புறம் வரல. தரையில அப்பிடியே போடாதீங்க, பூசணம் பிடிக்கும்.

பழைய தலகாணிய மாத்த வேண்டி வந்துச்சு, தோள் உள்ள எறங்குறதால தலை ஒசரமா போயி மொதல் வாரம் கழுத்து வலி, மெல்லிசா வாங்குனதும் சரியாச்சு. எட்டு இன்ச் மெத்தைக்கு பழைய பெட்ஷீட் பத்தல, உருவிக்கிட்டு வந்துரும், எலாஸ்டிக் வெச்சது வாங்கணும்.

என் வீட்டுக்காரர் செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுப்பாரு. முன்னாடியெல்லாம் மெத்தை ஆடி முழிப்பு வந்துரும், அப்புறம் மூணு மணி வரைக்கும் தூக்கம் வராது. இப்ப அவரு வந்ததே காலைலதான் தெரியுது. இந்த ஒன்னுக்காகவே நான் இத வாங்குவேன்.

எங்க அத்தைக்கு மட்டும் இது வேணாம்னுட்டோம். அவங்களுக்கு எழுபத்திரண்டு, முட்டி வலி, ஓரத்துல ஒக்காந்தா அமுங்கிப் போயி எந்திரிக்க கையூன்ற எடமில்ல, பொரண்டு படுக்கவும் கஷ்டப்பட்டாங்க. பழைய நாரு மெத்தை மேல ஒரு மெல்லிசு பஞ்சு மெத்தை, அதான் அவங்களுக்கு ஒத்துக்குது. கைக்குழந்தைய இதுல படுக்க வைக்கவே கூடாது, மொகம் புதைஞ்சா மூச்சு முட்டும்.

திருப்பிப் போட முடியாது, ஒரு பக்கந்தான். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவ தலமாடு கால்மாடு மாத்திப் போடுறோம், அதுல அவரு பக்கம் எம் பக்கமா வந்துரும், பள்ளம் ஒரே எடத்துல விழாது. வருஷா வருஷம் பிப்ரவரில அதே மாதிரி நூல் கட்டி அளந்து கட்டில் தலப்பலகைக்கு பின்னாடி பென்சில்ல எழுதி வெக்கிறேன். கடைசியா அளந்தப்ப அவரு பக்கம் எட்டு மில்லிமீட்டர், எம் பக்கம் அஞ்சு.