ஆர்-இல் எம்விஎன் தொகுப்பு: படத்தை நம்பலாம், தீர்ப்பை அப்படியே நம்ப வேண்டாம்

பல மாறிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் தரவு நார்மலாக இருக்கிறதா, அதாவது இயல்நிலைப் பரவலில் வருகிறதா என்று சோதிக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆர் மென்பொருளைப் போட்டு அதில் எம்விஎன் என்ற தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. கோவையில் நூற்பாலைகளின் குவாலிட்டி தரவுகளையும், பக்கத்துக் கல்லூரிகளில் பிஎச்டி செய்பவர்களின் சர்வே தரவுகளையும் பார்த்துக் கொடுப்பவன் நான். இரண்டிலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பிடித்ததைப் போலவே எரிச்சல் ஊட்டியதும் இதில் உண்டு.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அதில் எக்ஸ்ப்ளோர் மெனுவுக்குள் போனால் கொல்மோகொரோவ்-ஸ்மிர்னோவ், ஷபிரோ-வில்க் என்ற நார்மல் சோதனைகள் இரண்டும் வரும், சரி. ஆனால் அவை ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாகப் பார்ப்பவை. ஒவ்வொன்றும் தனியே நார்மலாக இருந்து, சேர்த்துப் பார்க்கும்போது இல்லாமல் போக முடியும். நார்மலான ஒரு எண்ணை எடுத்து, காசைச் சுண்டி, தலை விழுந்தால் அதே எண்ணையும் பூ விழுந்தால் அதன் மைனஸ் குறியையும் இரண்டாவது மாறியாக வையுங்கள். இரண்டுமே தனியாக அழகான மணி வளைவு. சேர்த்துப் புள்ளி போட்டால் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள்தான் கிடைக்கும். எங்கள் பக்கம் டேட்டா அனாலிசிஸ் செய்து தருவதாக போர்டு வைத்த ஒரு சென்டர், ஷபிரோ-வில்க் அட்டவணையையே ஒட்டி, மேலே 'மல்டிவேரியட் நார்மாலிட்டி' என்று தலைப்பு மட்டும் போட்டு ஒரு மாணவிக்குக் கொடுத்திருந்தது. பணமும் வாங்கிக்கொண்டார்கள். வைவாவில் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண்தானே.

எம்விஎன்-ஐ எழுதியவர்கள் துருக்கியைச் சேர்ந்த கோர்க்மாஸ், கொக்சுலுக், சரார்சிஸ் மூவரும். இதைப் பற்றிய கட்டுரை 2014-இல் ஆர் ஜர்னலில் வந்தது. மார்டியா, ஹென்ஸ்-சிர்க்லர், ராய்ஸ்டன், டோர்னிக்-ஹேன்சன், எனர்ஜி என்று ஐந்து சோதனைகள் ஒரே கட்டளையில் கிடைக்கின்றன. இவற்றில் மார்டியா நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம், ராஜஸ்தானில் பிறந்து இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய 1970 கட்டுரையில்தான் பல மாறிகளுக்கான கோட்டமும் தட்டை அளவையும், அதாவது ஸ்க்யூனஸும் கர்டோசிஸும் வந்தன. நான்கு மாறிகள் என்றால் நார்மல் தரவில் கர்டோசிஸ் 24-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மாறிகளின் எண்ணிக்கையை அதோடு இரண்டு கூட்டிய எண்ணால் பெருக்கினால் வருவது அது. எனக்கு மார்டியா பிடிப்பதற்குக் காரணம், சோதனையில் தோற்றால் ஒரு பக்கம் சாய்வதால் தோற்றதா, வால் நீண்டதால் தோற்றதா என்று பிரித்துக் காட்டும். ஹென்ஸ்-சிர்க்லர் பொதுவாக நன்றாகக் கண்டுபிடிக்கும், ஆனால் காரணம் சொல்லாது. ராய்ஸ்டன் 5000 வரிசைகளுக்கு மேல் ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர்த் தரவுக்கே வருகிறேன். நாற்பதாம் கவுண்ட் நூல்; கவுண்ட் (நூலின் நுண்மை எண்), லீ ஸ்ட்ரெங்த் (நூல் சுற்றின் வலிமை), யூ சதவீதம் (தடிமனின் ஏற்ற இறக்கம்), நெப்ஸ் (சின்னச் சின்ன முடிச்சுகள்) என்று நான்கு மாறிகள். மில்லின் குவாலிட்டி ஆள் ஒருவர் போனில் கேட்டார்: "ஏனுங்க சார், ஒவ்வொண்ணா பார்த்தா ஓரளவு சரியாத்தானுங்க இருக்குது, சேர்த்துப் போட்டா மட்டும் நோ-ன்னு வருதுங்களே?" இந்தத் தொகுப்பின் பழைய பதிப்புகளில் கடைசிக் கட்டத்தில் யெஸ் அல்லது நோ என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வரும். எனக்குப் பிடிக்காததே அதுதான். அந்த வார்த்தையைப் பார்த்ததும் ஜனங்கள் மேலே இருக்கும் எண்களையும் படத்தையும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

படத்தில் இருந்தது வேறு கதை. அந்தப் பதிப்புகளில் மல்டிவேரியட் பிளாட் என்ற இடத்தில் க்யூக்யூ என்று கொடுத்தால், ஒவ்வொரு சாம்பிளும் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற மகலனோபிஸ் தூரத்தின் வர்க்கத்தை எடுத்து, கைவர்க்கப் பரவலோடு (கை-ஸ்கொயர்) ஒப்பிட்டு வரைந்து தரும். புள்ளிகள் கோட்டோடு போனால் நல்லது. மேல் மூலையில் மட்டும் சில பிய்ந்து நின்றால் அவை ஒதுங்கிய சாம்பிள்கள். லேப் ரிஜிஸ்டரில் போய்ப் பாருங்கள், தப்பாக எழுதியதாக இருக்கும், அல்லது உண்மையிலேயே ஒரு ஸ்பிண்டில் கெட்டிருக்கும். மொத்தமும் வளைந்தால் பிரச்சினை பரவலிலேயே இருக்கிறது. அந்த மில் தரவு மொத்தமாகத்தான் வளைந்தது. விசாரித்தால் சங்கர்-6 பஞ்சு ஓடிய நாட்களும், கோவையிலேயே உருவான எம்சியூ-5 ஓடிய நாட்களும் ஒரே ஷீட்டில் கிடந்தன. இரண்டு மிக்சிங்கின், அதாவது இரண்டு பஞ்சுக் கலவையின் நூலைக் கொட்டிக் கலந்துவிட்டு நார்மலா என்று கேட்டால் எப்படி வரும்? சப்செட் என்ற இடத்தில் மிக்சிங் பத்தியின் பெயரைக் கொடுத்ததும் குழுக் குழுவாகச் சோதித்துக் கொடுத்தது. மிச்சம் இருந்த சாய்வுக்கு நெப்ஸ்தான் காரணம். அது கிலோமீட்டருக்கு இத்தனை என்று எண்ணிப் பார்க்கிற சங்கதி, வலது பக்கம் இழுக்கத்தான் செய்யும். வர்க்கமூலம் எடுத்ததும் அடங்கியது.

மனோவா, அதாவது பல மாறிகளின் சராசரிகளைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடும் சோதனை, செய்கிற மாணவர்களுக்கும் இதே விஷயம்தான். நார்மலாக இருக்க வேண்டியது ஒவ்வொரு குழுவுக்குள்ளும். எல்லாக் குழுவையும் ஒன்றாகப் போட்டு நோ வாங்கிவிட்டு அழுகிறார்கள். குழுக்களின் சராசரிகள் வித்தியாசமாக இருந்தால் மொத்தக் கூட்டம் நார்மலாக இருக்காதே, சராசரி வித்தியாசமாக இருக்க வேண்டும் என்றுதானே ஆய்வே நடக்கிறது!

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை, மில்காரர்களுக்கு. தின் (மெலிந்த இடங்கள்), திக் (தடித்த இடங்கள்), நெப்ஸ் மூன்றையும் கொடுத்துவிட்டு மொத்த இம்பர்ஃபெக்ஷனையும் நான்காவதாகச் சேர்த்தால் கணக்கு நிற்கும். 'சிங்குலர்' என்று சிவப்பில் கத்தும். நான்காவது மற்ற மூன்றின் கூட்டுத்தொகைதான் என்பதால் உடன்மாறுபாட்டு அணியை (மாறிகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணையை) தலைகீழாக்க முடியாது. தொகுப்பின் குற்றமில்லை அது, ஆனால் பிழைச் செய்தி இன்னும் கொஞ்சம் மனிதர் பேசுவது மாதிரி இருந்திருக்கலாம்.

அடுத்து சர்வே ஆட்கள். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர் மனநிறைவு, ஈரோட்டு ஜவுளிச் சந்தை வாடிக்கையாளர் என்று தலைப்பு எதுவானாலும் சாம்பிள் 384-ஆகத்தான் (சாம்பிள் அளவு அட்டவணையில் வரும் எண்) இருக்கும், அந்த எண்ணுக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி. இருபத்தைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். இதை எம்விஎன்-இல் போட்டால் கிட்டத்தட்ட எப்போதுமே நோ. ஐந்தே மதிப்புகள் கொண்ட பதில், அதிலும் பாதிப் பேர் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று 4-ஐ டிக் செய்திருக்கும்போது, தொடர்ச்சியான மணி வளைவாக எங்கிருந்து வரும்? சாம்பிள் பெரிதாகப் பெரிதாக, ஒன்றுக்கும் ஆகாத சின்ன விலகலுக்குக்கூட பி மதிப்பு (தரவு நார்மல்தான் என்றால் இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) பூஜ்யத்துக்கு ஓடிவிடும். மறுபக்கம், பன்னிரண்டு சாம்பிளை வைத்துக்கொண்டு யெஸ் வந்துவிட்டது என்று குதிப்பதும் அர்த்தமில்லாதது. அவ்வளவு சின்னத் தரவில் சோதனைக்கு எதையும் கண்டுபிடிக்கும் பலம் இருக்காது.

நோ வந்தால் என்ன செய்வது என்பது அடுத்து என்ன கணக்கு போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது. குழுக்கள் ஓரளவு சமமாகவும் பெரிதாகவும் இருந்தால் மனோவா தாங்கும், மனோவா தரும் அளவைகளில் பில்லாய் அளவையைப் பாருங்கள். எஸ்இஎம் (மாறிகளுக்கிடையேயான உறவுகளை மாதிரியாக வைத்துச் சோதிக்கும் முறை) என்றால் ஆர்-இன் லவான் தொகுப்பில் எம்எல்எம் அல்லது எம்எல்ஆர் என்று மதிப்பீட்டு முறையை மாற்றினால் நார்மல் இல்லாததற்கான திருத்தம் சேர்ந்து வரும். மில்லில் ஹோட்டலிங் டி-வர்க்க சார்ட் (பல மாறிகளை ஒன்றாகக் கண்காணிக்கும் தரக் கட்டுப்பாட்டுப் படம்) போடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு சாம்பிளையும் வாலின் எல்லையோடு ஒப்பிடுகிறோம், வால் தவறாக இருந்தால் சும்மா சும்மா அலாரம் அடிக்கும்.

மற்றவற்றைப் பற்றியும் கொஞ்சம். ஜமோவி இலவசம், மவுசால் தட்டினால் போதும், மனோவாவுக்குள்ளேயே பல்மாறி ஷபிரோ-வில்க்கும் க்யூ-க்யூ படமும் உண்டு. புரோகிராம் எழுதப் பயப்படுபவர்களுக்கு அதுவே போதும். எஸ்இஎம் செய்யும் ஆமோஸ் மென்பொருள் மார்டியா கர்டோசிஸ் தருகிறது, ஆனால் காசு. பைத்தான்காரர்களுக்கு பிங்குயின் தொகுப்பில் ஹென்ஸ்-சிர்க்லர் மட்டும்.

எம்விஎன்-இல் எனக்குப் பெரிய குறை, பதிப்புக்குப் பதிப்பு கட்டளைகள் மாறுவது. ஒரு காலத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் தனிக் கட்டளை, பிறகு எல்லாம் சேர்ந்து ஒன்று, அப்புறம் உள்ளே கொடுக்கும் பெயர்களும் மாறின. பழைய வீடியோவைப் பார்த்துத் தட்டினால் ஓடாது, தொகுப்போடு வரும் உதவிப் பக்கத்தைப் பார்த்துத் தட்டுங்கள். இறக்கும்போது கூடவே ஒரு படையே இறங்கும், கல்லூரி லேப் இணையத்தை நம்பிப் போகாமல் வீட்டிலேயே செய்துவிடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆர் போடாமல் பிரவுசரிலேயே ஓடும் வடிவத்தையும் இதே ஆட்கள் வெளியிட்டார்கள். பாடப்புத்தகத் தரவுக்கு அது வசதி. மில் தரவை மட்டும் முதலாளியைக் கேட்காமல் வெளி சர்வரில் ஏற்றாதீர்கள்.