கழிவுப் பஞ்சு குடித்த மை: வீட்டு பிரிண்டரில் சி.ஐ.எஸ்.எஸ். பொருத்தி ஆறு ஆண்டுகள்

ஈரோட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், தம் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில், வெளியே வைத்த தொட்டியிலிருந்து டியூப் வழியாக மை கொடுக்கும் சி.ஐ.எஸ்.எஸ். கிட் பொருத்தலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட அன்றுதான் என் பிரிண்டர் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த மர அலமாரியின் தட்டில் கருநீலக் கறை அப்படியே இருந்தது. அதனால் என் பதிலில் சூடு சற்று அதிகமாகிவிட்டது. இப்போது நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். வாரத் தேர்வு வினாத்தாள், கணக்குப் பயிற்சித்தாள், அறிவியல் படங்கள் என்று மாதத்துக்குச் சில நூறு பக்கங்கள் தேவைப்படும். சில மில்லிலிட்டர் மை மட்டுமே கொண்ட அசல் கார்ட்ரிட்ஜுகள் நான்கையும் ஒருசேர மாற்றும் செலவில் கொஞ்சம் கூட்டிப் போட்டால் புதிய பிரிண்டரே வாங்கிவிடலாம் என்ற நிலையில்தான், 2019இல் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இந்தக் கிட்டை வாங்கி வந்தேன். அதன் பிறகு பக்கக் கணக்குப் பார்ப்பதே நின்றுபோனது. பிள்ளைகளுக்கு இதயத்தின் படத்தைச் சிவப்பும் நீலமுமாக அச்சிட்டுக் கொடுக்க முடிந்ததையும், ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்க வேண்டியிராததையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அமைப்பும் எளிமையானதுதான். நான்கு நிறங்களுக்கும் தனித்தனி அறை கொண்ட தொட்டி வெளியே நிற்கும். நான்கு மெல்லிய டியூப்கள் உள்ளே போய், தாளில் மை தெளிக்கும் ஹெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மாற்றுக் கார்ட்ரிட்ஜுகளுக்கு மை கொடுக்கும். அவற்றின் சிப், தீரும் நிலை வந்ததும் தன்னை நிரம்பியதாகக் காட்டிக்கொள்ளும் என்பதால், கணினித் திரை சொல்வதை நம்பாமல் தொட்டியைக் கண்ணால் பார்த்தே மை ஊற்ற வேண்டும். தொட்டி பிரிண்டர் இருக்கும் மட்டத்திலேயே இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று ஒருமுறை அதை மேல்தட்டில் ஏற்றி வைத்தேன், விடிந்து பார்த்தால் மை ஹெட் வழியாகச் சொட்டி உள்ளே குளம் கட்டியிருந்தது. இன்னொரு முறை பக்கத்தின் மேற்பாதி நன்றாக வந்து கீழ்ப்பாதி வெளுத்தது; பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடியும் நன்றாக வந்தது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்பது அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொட்டியின் காற்றுத் துளையில் இருந்த வடிகட்டி மையில் நனைந்து அடைத்திருக்கிறது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இவையெல்லாம் என் தவறுகள், கிட்டின் மேல் பழி இல்லை.

என் கோபம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஏப்ரலில் பொதுத்தேர்வு முடிந்தால் ஜூன் வரை டியூஷன் கிடையாது, பிரிண்டருக்கும் வேலை கிடையாது. கத்திரி வெயிலில் ஹெட்டின் நுண்துளைகளான நாசில்களில் மை காய்ந்துவிடும். பள்ளி திறந்த வாரம் நாசில் செக் என்னும் சோதனைத் தாள் எடுத்தால் மஞ்சள் கோடுகள் பாதி இருக்காது, கறுப்பு படிக்கட்டு போல விட்டுவிட்டு வரும். உடனே, மையை உறிஞ்சி அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங் கொடுப்பேன். அடைத்திருப்பது மஞ்சள் மட்டும்தான் என்றாலும் என் பிரிண்டர் நான்கு நிறத்தையும் சேர்த்தே உறிஞ்சும். அப்படி உறிஞ்சிய மை அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. கார்ட்ரிட்ஜ் காலத்தில் அந்தப் பொத்தானை அழுத்தக் கை நடுங்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மை அளவு இறங்குவது கண்ணெதிரே தெரியும். தொட்டி வந்த பிறகு அந்தப் பயமே போய்விட்டது. ஒரே மாலையில் ஏழெட்டு முறை அழுத்தியிருக்கிறேன். மலிவான மை என்னை ஊதாரியாக்கியது என்பதைவிட, அந்த ஊதாரித்தனத்தைத் தாங்கும் அளவுக்கு இயந்திரத்தின் அடிவயிறு செய்யப்படவில்லை என்பதே சரி. அளவோடு அச்சிடும் வீட்டை நினைத்து வைத்த பஞ்சு அது.

அந்தப் பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பிரிண்டர் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இவ்வளவு மை போயிருக்கும் என்று உத்தேசமாகக் கூட்டிக்கொண்டே வந்து, எண் எல்லையைத் தொட்டதும் விளக்குகளை மாறி மாறிச் சிமிட்டி வேலையை நிறுத்திவிடும். எனக்கு இது முதலில் 2022இல் நடந்தது, அதுவும் காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள். வீட்டுக்கு வந்த மெக்கானிக் மடிக்கணினியில் ஏதோ மென்பொருளை ஓட்டி, கணக்கைப் பூஜ்யமாக்கி, காசு வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். பஞ்சை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை; பார்க்கச் சொல்லும் அறிவு எனக்கும் அன்று இல்லை. பூஜ்யமானது எண் மட்டும்தானே! மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பஞ்சு கொள்ளாமல் வழிந்த மைதான் என் அலமாரித் தட்டில் இருக்கும் கறை.

இந்த முறை வேறு கடையில் பஞ்சை எடுத்துப் புதியது வைத்ததோடு, கழிவு டியூபையும் வெளியே இழுத்து ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியில் விட்டிருக்கிறார்கள். செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான், ஆனால் நிம்மதியைக் கெடுத்ததும் இதுதான். ஆறு ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் போனது இப்போது கண்ணெதிரே சொட்டுகிறது. பிரிண்டரைப் போட்டவுடன் அது தானாகச் செய்துகொள்ளும் சிறு சுத்தத்துக்கும் சில சொட்டு விழுகிறது. என் அம்மா மின்சாரம் மிச்சம் என்று இரவுதோறும் சுவர் சுவிட்சை அணைப்பார். காலையில் போட்டால் சொட்டு. நான்கு நிறமும் கலந்து வாய்க்கால் தண்ணீர் நிறத்தில், ஒரு வாரத்தில் புட்டியில் விரற்கடை உயரம் நின்றது. அம்மாவிடம் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். "கரண்டு பில்லை நீ கட்டுறியா, உன் மெஷின் கட்டுதா?" என்றார்.

மையைப் பற்றி ஒரு வரி. நான் ஊற்றும் புட்டி மை சாயம் கரைந்த வகை. ஈரக் கை பட்டால் இழுகும், வெயில் படும் சுவரில் ஒட்டிய படம் சில மாதங்களில் வெளிறும். வினாத்தாளுக்கு அது பொருட்டே இல்லை.

நண்பருக்கு வருகிறேன். இப்படி வெளியே ஒட்டவைத்த கிட்டுகள் பரவியிருந்த காலத்தில், 2010இல் எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் தொட்டியோடு கூடிய பிரிண்டரைத் தானே விற்கத் தொடங்கியது. இன்று பல நிறுவனங்களும் அதையே செய்கின்றன. அவற்றிலும் கழிவு மை உண்டு என்றாலும், அண்மை மாடல்கள் சிலவற்றில் கழிவுப் பெட்டியை நாமே கழற்றி மாற்றிவிடலாம். வாங்குவதானால் அதைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். படமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்றால், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்ந்துபோக மை இல்லாத லேசர் பிரிண்டர் போதும். பழைய பிரிண்டரில் கிட் பொருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அப்படியானால் வெளிப்புட்டியோடு இப்போது சரியாக ஓடும் உங்கள் பிரிண்டரையே எனக்கு விலைக்குத் தந்துவிடுங்கள் என்றார். தர முடியாது என்றேன். திங்கட்கிழமை மனைவிக்கு நாற்பது வினாத்தாள் வேண்டும்.