ஓடூவா, ஈஆர்பிநெக்ஸ்டா? சுங்கை சிப்புட் லோரிக்காரர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர்கள் பலர் இன்னமும் எக்செலில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் (வருமான வரி வாரியத்துக்கு இணையம் வழி அனுப்பும் இன்வாய்ஸ்) படிப்படியாகக் கீழே இறங்கியதும், "காசில்லாத சாப்ட்வேர் ஏதும் இருக்கா அண்ணே?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. இருக்கிறது. கணக்கு, இன்வாய்ஸ் எல்லாம் பார்க்கும் வணிக மென்பொருளில் பேர் சொல்லும்படி இரண்டு: ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட். மாதக் கடைசியில் ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் வித்தியாசம்.

ஓடூ பெல்ஜியத்துக்காரர்களுடையது. இரண்டு வகையாக வருகிறது: கம்யூனிட்டி இலவசம், எண்டர்பிரைஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சந்தா. கம்யூனிட்டியில் இன்வாய்ஸ் போடலாம், ஆனால் முழுக் கணக்குப் பகுதி எண்டர்பிரைஸில்தான். எண்டர்பிரைஸைத் திறந்து காட்டிவிட்டு "ஓடூ இலவசம்தான் சார்" என்று பேசுகிறவர்களும் உண்டு. திரையில் இருப்பது எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், ஆண்டுக்கொரு புதிய பதிப்பு வரும். கடைசி மூன்றுக்குத்தான் நிறுவனத்தின் ஆதரவு. சந்தா கட்டினால் பழைய தரவைப் புதியதற்கு அவர்களே மாற்றித் தருவார்கள். கட்டாதவர்களுக்கு, அதே வேலைக்குத் தன்னார்வலர்கள் எழுதிய ஓப்பன்அப்கிரேடு இருக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் எழுதியது. முழுவதும் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது, காசு கட்டினால்தான் திறக்கும் பகுதி என்று எதுவும் இல்லை. கிளவுட் வாடகையும் ஆதரவுச் சந்தாவும்தான் அவர்களுக்கு வருமானம்.

நம் தொழிலில் வைத்துப் பார்ப்போம். ஓட்டுநர் மில்லிலிருந்து எடைச் சீட்டைக் கொண்டுவருகிறார். கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், அதில் உள்ள நிகர எடையைப் பார்த்து, டன் கூலியால் பெருக்கி, தோட்டத்துக்கு இன்வாய்ஸ் போட வேண்டும். கூலி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சீட்டு எண், லோரி எண் என்று கட்டங்கள் தேவை. ஈஆர்பிநெக்ஸ்டில் கொஞ்சம் விவரமான கிராணியே இவற்றை உலாவியில் சேர்த்துவிடலாம். ஓடூவில் அதே வேலையைச் சுலபமாக்கும் ஸ்டூடியோ என்ற கருவி, எண்டர்பிரைஸுக்கு மட்டும்.

ஆனால் ஓடூ தெரிந்த ஆள் கிடைப்பது சுலபம். ஈஆர்பிநெக்ஸ்டுக்குத் தேட வேண்டும். மும்பையை நேரடியாக நம்பினால், இங்கே காலை எட்டு மணிக்கு அங்கே ஐந்தரை. ஆகவே ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ ஒருவரிடம் ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை மணி நேரத்தில் பதில், பேக்கப் யார் கையில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

தரத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உரிமத்தில் "உத்தரவாதம் இல்லை" என்ற வரியைக் காட்டுவார்கள். சரி, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள். அங்கேயும் நட்ட ஈட்டுக்கு வரம்பு கட்டித்தான் வைத்திருப்பார்கள்.

நாலைந்து லோரியும் ஒரு கிராணியும் என்றால் என் ஓட்டு ஈஆர்பிநெக்ஸ்டுக்கு. டயர் கடை, உரக்கடை என்று பல கிளை இருந்து சந்தா கட்டவும் தயார் என்றால் ஓடூ எண்டர்பிரைஸ். மாதம் பத்துப் பன்னிரண்டு இன்வாய்ஸ்தான் என்பவருக்கு இரண்டுமே வேண்டாம். இ-இன்வாய்ஸ் போட வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம், அதுவே போதும்.