ஆர்கன் பாத்தில் எதைத் தொங்கவிடுவது: கினிப்பன்றிக் குடலா, முயல் குடலா?

ஆர்கன் பாத் என்பது, வெட்டியெடுத்த திசுவைச் சூடான கரைசலில் தொங்கவிட்டு அதன் சுருக்கத்தை அளக்கும் குவளை. மருந்தும் நரம்புத் தூண்டலும் மென்தசையை (குடல் சுவரில் இருப்பது போன்ற, நாம் நினைத்து அசைக்காத தசை) எப்படி ஆட்டிவைக்கின்றன என்று பார்க்க அதிகம் பேர் நாடுவது இந்த இரண்டு குடல்களைத்தான். ஒன்று கினிப்பன்றியின் இலியம், அதாவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. மற்றது, மெசென்ட்ரி (குடலைத் தாங்கும் சவ்வு) நரம்புகளோடு சேர்த்தெடுத்த முயலின் ஜெஜுனம் (சிறுகுடலின் நடுப்பகுதி), அதாவது 1930-இல் வெளிவந்த ஃபிங்கிள்மன் முறை. நான் இலியத்தைத்தான் எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

டைரோடு கரைசல் (திசுவை உயிரோடு வைக்கும் உப்பு-சர்க்கரை நீர்), ஆக்சிஜன், 37 டிகிரியை ஒட்டிய சூடு எல்லாம் இரண்டுக்கும் பொது. அதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது அடிக்கோடுதான், அதாவது மருந்து போடுமுன் பதிவாகும் கோடு. முயல் குடல் சும்மா இருக்காது. மருந்தே போடாவிட்டாலும் தானாகச் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகு, அளக்கத் தலைவலி. மருந்து போட்டதும் அசைவின் உயரம் குறையலாம், இறுக்கம் தளரலாம், வேகம் மாறலாம். இதில் எதை அளப்பது? இலியத்தில் இந்தக் குழப்பம் அநேகமாக இல்லை. கோடு தட்டையாக ஓடும். அசிட்டைல்கோலின் (தசையைச் சுருக்க நரம்பு விடும் வேதிப்பொருள்) விட்டால் எழும்பும், கழுவினால் இறங்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு சுருக்கம் என்ற வளைவு கிடைத்துவிடும். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபினைக் கொஞ்சம் சேர்த்தால் அந்த வளைவு அப்படியே வலப்பக்கம் நகரும், அதாவது அதே சுருக்கத்துக்குக் கூடுதல் அளவு வேண்டும்; குடலைச் சுருக்கும் இன்னொரு பொருளான ஹிஸ்டமினின் வளைவோ அசையாது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மெபிரமின் போட்டால் கதை நேர் எதிர். எலிக் குடலில் இதைச் செய்ய முடியாது, அது ஹிஸ்டமினை அவ்வளவாக மதிப்பதில்லை.

அந்த அமைதி நரம்பு விஷயத்திலும் கைகொடுக்கிறது. 0.1 ஹெர்ட்ஸில், அதாவது பத்து விநாடிக்கு ஒரு முறை, குறுகிய மின்துடிப்பு கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துள்ளல். நரம்பின் சமிக்ஞையை நிறுத்தும் நஞ்சான டெட்ரோடோடாக்சின் போட்டால் துள்ளல் நின்றுவிடும், ஆனால் வெளியிலிருந்து விடும் அசிட்டைல்கோலினுக்குத் தசை பழையபடி சுருங்கும். ஆக, மின்சாரம் தொட்டது நரம்பைத்தான். மார்ஃபினும் துள்ளலைக் குறைக்கும், அசிட்டைல்கோலினைத் தடுக்காது. அது தசையை விட்டுவிட்டு நரம்பு முனையில் கைவைக்கிறது என்பது இப்படித்தான் பிடிபடும். 1975-இல் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் மார்ஃபினைப் போல் வேலை செய்யும், உடலே உண்டாக்கும் என்கெஃபலின்களை அடையாளம் கண்டபோது சோதித்த திசுக்களில் இந்த இலியமும் ஒன்று.

சரி, முயலுக்கு ஒன்றுமே இல்லையா? பரிவு நரம்புதான் (பதற்றத்தில் முடுக்கிவிடப்பட்டு, குடலை அடக்கும் நரம்பு) கேள்வி என்றால் அதுதான் ராஜா. ரத்தக்குழாயை ஒட்டி ஓடும் நரம்பையே தூண்டலாம், ஆடிக்கொண்டிருந்த குடல் அடங்கும். நரம்பு முனையின் வெளியீட்டைத் தடுக்கும் குவானெதிடின் போட்டால் தூண்டல் பலிக்காது, அந்த நரம்பு வெளியிடும் நோரட்ரினலினை நாமே விட்டால் மட்டும் பலிக்கும். நோரட்ரினலின் ஒட்டும் ஆல்ஃபா, பீட்டா இரண்டு ஏற்பிகளுமே தளர்த்துவதால், அதைத் தடுக்க முதலதற்கு ஃபென்டோலமினும் இரண்டாவதற்கு ப்ரோப்ரனலாலும் சேர்ந்தே தேவைப்படும். இங்கே அந்த ஓயாத ஆட்டமே வசதி: அடக்குவதைக் காட்ட, அடங்குவதற்கு ஏதாவது வேண்டுமே. இதில் நான் செய்ததைவிடப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம், நரம்பை இழுக்காமல் பிரித்தெடுக்கும் கைப்பக்குவம் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

இலியம் எடுப்பவர்கள் பெருங்குடலை ஒட்டிய கடைசி 10 செ.மீ. அளவை விட்டுவிட்டு வெட்டுங்கள். அப்புறம், நிக்கோட்டின் போடுவதாக இருந்தால் நன்றாகக் கழுவி, இரண்டு டோஸுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்துக் கொடுத்தால் திசு மரத்துப்போகும்.