கேப்டன் குக் நினைவு அருங்காட்சியகம், விட்பி: நிலக்கரிக் கப்பலில் தொடங்கிய கடற்படை வாழ்வு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் விட்பி என்னும் சிறு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே கிரேப் லேன் என்ற குறுகிய தெருவில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஒரு வீடுதான் இன்று கேப்டன் குக் நினைவு அருங்காட்சியகம். 18ஆம் நூற்றாண்டில் பசிபிக் கடலை ஆராய்ந்து வரைபடமாக்கிய ஜேம்ஸ் குக்கின் பயணங்களைச் சேர்ந்த பொருள்களை லண்டனில் இதைவிடப் பெரிய கூடங்களில் பார்க்கலாம். ஆனாலும், பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகன் பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டனாக எப்படி உயர்ந்தார் என்பதை அறிய விரும்புகிறவர்களை நான் முதலில் அனுப்புவது இந்த வீட்டுக்குத்தான்.

இது ஜான் வாக்கர் என்ற கப்பல் உரிமையாளரின் வீடு. 1746இல் குக் அவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தபோது அவருக்கு ஏறத்தாழ 18 வயது. மாலுமித் தொழிலுக்கு அது தாமதமான வயது. அதற்கு முன்பு ஸ்டெயித்ஸ் என்ற மீனவ ஊரில் ஒரு கடையில் வேலை பார்த்திருந்தார். வாக்கர் குடும்பத்தினர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரத்தை விலக்கி வாழ்ந்தவர்கள். தரைத்தளத்து அறைகள் அந்த வாழ்க்கை முறைக்கு ஏற்ற எளிமையோடு அமைக்கப்பட்டுள்ளன. பலர் இவ்வறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பயணங்களைப் பற்றிய மேல்தளத்துக்கு விரைகிறார்கள். அப்படி விரைய வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள், ஏனெனில் பிற்காலத்தில் குக்கிடம் நாம் காணும் கட்டுப்பாடும் சிக்கனமும் கணக்குத் தவறாத ஒழுங்கும் இந்த வீட்டிலும் இவர்களுடைய கப்பல்களிலும் பழகியவை.

கூரையை ஒட்டிய மாடம்தான் இந்த வீட்டின் உயிரான இடம். பயிலும் இளைஞர்கள் தங்கிய இடம் என்று இது போற்றப்படுகிறது. குளிர்காலத்தில் கப்பல்கள் துறையில் கட்டப்பட்டிருக்கும் மாதங்களில் குக் இரவில் கண்விழித்துக் கணிதமும் கப்பல் செலுத்தும் கலையும் படித்தார் என்றும், மேரி பிரவுட் என்ற வீட்டுப் பணிப்பெண் அதற்காக அவருக்கு ஒரு மேசையும் மெழுகுவர்த்திகளும் கொடுத்து உதவினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கடற்படையில் செல்வாக்குள்ள உறவினர் ஒருவரும் இல்லாத இளைஞனுக்கு அந்தப் படிப்பைத் தவிர வேறு படிக்கட்டு இருக்கவில்லை.

விட்பியின் நிலக்கரிக் கப்பல்கள் நியூகாசில் பகுதியிலிருந்து லண்டனுக்குக் கரி ஏற்றிச் சென்றவை. வட கடலை ஒட்டிய இங்கிலாந்தின் கிழக்குக் கரை மணல் திட்டுகளும் மூடுபனியும் இடம் மாறும் நீரோட்டங்களும் நிறைந்தது. ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தையும் அடித்தரையின் தன்மையையும் அறிந்துகொண்டே போக வேண்டும். கரையை ஒவ்வொரு வளைவாக மனத்தில் பதிக்கும் பழக்கத்தைக் குக் இங்கேதான் பெற்றார். கப்பல்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது: அகன்ற முகப்பு, தட்டையான அடிப்பகுதி, மிகுந்த சரக்குக் கொள்ளளவு. துறைமுகம் இல்லாத இடத்திலும் அவற்றை மணலில் ஏற்றிச் சரக்கிறக்கலாம். பின்னாளில் குக்கின் மூன்று உலகப் பயணங்களிலும் சென்ற எண்டெவர், ரெசொல்யூஷன், அட்வென்ச்சர், டிஸ்கவரி ஆகிய நான்கு கப்பல்களும் விட்பியில் கட்டப்பட்டவையே. 1770 ஜூன் 11 இரவு எண்டெவர் ஆஸ்திரேலியாவின் கிழக்கே பவளத்திட்டில் மோதியது. பீரங்கிகளையும் அடிச்சுமையையும் கடலில் எறிந்த பிறகே அது மீண்டது. துளை விழுந்த அக்கப்பலை ஓர் ஆற்று முகத்துவாரத்தில் கரையேற்றிப் பழுதுபார்க்க முடிந்ததென்றால், அதற்குக் கரி சுமப்பதற்கென்று விட்பித் தச்சர்கள் கொடுத்த அந்த அடிப்பகுதியே காரணம்.

1755இல் ஃப்ரெண்ட்ஷிப் என்ற கப்பலின் தலைமைப் பொறுப்பை வாக்கர் குக்குக்குத் தர முன்வந்தார். அதை ஏற்காமல் அவ்வாண்டு ஜூனில் குக் சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்தார். கையில் இருந்த நல்ல பதவியை விட்டுவிட்டு 26 வயதில் அடித்தட்டிலிருந்து மறுபடியும் தொடங்கிய இந்த முடிவு, அவர் வாழ்வின் எந்தப் பெரும்பயணத்தையும்விடத் துணிவானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாதத்துக்குள் ஈகிள் கப்பலில் அவருக்கு உயர்வு கிடைத்தது; 1757இல் தேர்வெழுதி 'மாஸ்டர்', அதாவது கப்பலின் வழிசெலுத்தலுக்குப் பொறுப்பானவர், ஆனார். 1758இல் கனடாவின் லூயிபர்க் முற்றுகையின்போது சாமுவேல் ஹாலண்ட் என்ற இராணுவ நில அளவையாளரைச் சந்தித்து, அளவைக் கருவிகளைக் கையாளும் முறையை அவரிடம் கற்றார். அடுத்த ஆண்டு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஆழம் பார்த்து, பிரிட்டிஷ் கப்பல்கள் கியூபெக் நகரம் வரை செல்ல வழி கண்டவர்களுள் குக்கும் ஒருவர். 1763 முதல் 1767 வரை நியூஃபவுண்ட்லாந்துக் கரையை அளந்து அவர் வரைந்த வரைபடங்களின் நேர்த்திதான், 1768இல் தெற்குக் கடல் பயணத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் துணிவைக் கடற்படை நிர்வாகத்துக்குக் கொடுத்தது. லெஃப்டினன்ட் பதவியே அவருக்கு அப்போதுதான், 39ஆம் வயதில், கிடைத்தது.

பயணங்களின் கதை பலரும் அறிந்தது. ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1769 ஜூன் 3 அன்று தஹிதியில் சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடந்ததை நோக்கியது, நியூசிலாந்தைச் சுற்றி வரைபடமாக்கியது, 1773 ஜனவரியில் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தது, லார்கம் கெண்டல் செய்த கடிகாரத்தைக் கொண்டு தீர்க்கரேகையைக் கணித்தது ஆகியவற்றின் பின்னணியைத் தெரிந்துகொண்டு மேல்தளத்துக்குச் சென்றால், அங்குள்ள ஓவியங்களும் வரைபடங்களும் நிறையப் பேசும். அதே வேளையில், இவை மனிதர்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த கரைகள் என்பதை மறக்கக் கூடாது. 1769 அக்டோபரில் நியூசிலாந்தில் இறங்கிய முதல் நாள்களிலேயே குக்கின் ஆட்களின் துப்பாக்கிகளுக்கு மாவோரிகள் சிலர் பலியானார்கள். 1779 பிப்ரவரி 14 அன்று, களவுபோன படகுக்கு ஈடாக ஹவாய் அரசரையே பிணையாகப் பிடிக்க முயன்றபோது கேலகெகுவா விரிகுடாவில் குக் கொல்லப்பட்டார். வாக்கர் வீட்டில் பழகிய நிதானம் கடைசிப் பயணத்தில் அவரைக் கைவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

குக் தம் பழைய முதலாளியை மறக்கவில்லை. முதல் உலகப் பயணம் முடிந்து விட்பிக்கு வந்து வாக்கரைப் பார்த்தார். தொடர்ந்து கடிதமும் எழுதினார். இரண்டாம் பயணத்துக்குப் பின் கேப்டன் பதவியும், முதிய கடற்படை மாலுமிகளுக்கான கிரீனிச் மருத்துவமனையில் ஓய்வான பொறுப்பும் கிடைத்தபோது, சில மாதங்களுக்கு முன்பு தென்பாதி உலகமே தமக்குப் போதாமல் இருந்தது என்றும், இப்போது ஒரு மருத்துவமனையின் எல்லைக்குள் அடங்கப்போவதாகவும் 1775 ஆகஸ்டில் அவர் எழுதியது வாக்கருக்குத்தான். கடலுக்குத் திரும்பப் போகிறவரின் குரல் அது. மறு ஆண்டே திரும்பினார்.

செல்ல விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நுழைவுக் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதால் திறந்திருக்கும் நாள்களை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய வீடாகையால் மாடத்துக்குப் படியேறியே போக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் கருத்தில் கொள்ளலாம். இடம் சிறியது, ஆனால் நிதானமாகப் படித்துப் பார்க்க அரை நாள் ஒதுக்குவது தகும். சிறுவர்களை மாடத்துக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். தங்கள் வயதுக்குச் சற்று மூத்தவன் ஒருவன் தூங்கிய இடம் என்று சொன்னால் மற்ற அறைகளையும் ஆர்வத்தோடு பார்ப்பார்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், விட்பியிலிருந்து மிடில்ஸ்பரோ செல்லும் ரயிலில் ஏறி, குக் பள்ளிப்பருவத்தைக் கழித்த கிரேட் எய்டனிலும், பிறந்த மார்ட்டனிலும் இறங்கிப் பார்க்கலாம். மார்ட்டனில் அவர் பிறப்பைக் குறிக்கும் தனி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அந்தத் தடத்தில் ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டே இறங்க வேண்டும். கிரேட் எய்டனில் குக்கின் பெற்றோர் கட்டிய வீட்டைத் தேட வேண்டாம்: அது பிரித்தெடுக்கப்பட்டு 1934இல் மெல்போர்ன் நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுவிட்டது, அது நின்ற இடத்தில் இப்போது ஒரு நினைவுத் தூண் மட்டும் இருக்கிறது.